ஏழு தண்ணி கண்ட இறைச்சி

1

நான் இந்த நாட்டில் வந்திறங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் நிறைந்த நாள் இம்முறை ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. வந்திறங்கியது சனிக்கிழமை, மாலை நாலரை மணி, தூறல் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. இப்படிப்பட்ட நாள்களை நான் கொண்டாடுவதில்லை, எழுதி வைப்பேன். இந்த முறை எழுத வேண்டி வந்தது ஒரு பீங்கான் தட்டு இறைச்சியைப் பற்றி.

கல்முனையில் இருந்து வாசிக்கும் உங்களுக்கு எங்கள் செவ்வாய்க்கிழமையை முதலில் சொல்லிவிட வேண்டும். என் மனைவி ஸுஹைரா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். செவ்வாய் அவளுக்கு மாலை முறை. நான் கடிதம் பிரிக்கும் நிலையத்தில் விடியற்காலை முறை முடித்துப் பகல் இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆகவே செவ்வாய் இரவுச் சாப்பாடு எனக்கும் மகள் ஹனாவுக்கும் மட்டும். ஆக்குவது நான். எட்டு வருடமாக இதுதான் ஒழுங்கு.

ஹனாவுக்குப் பதினெட்டு வயது. பரீட்சை முடிவு நல்லபடி வந்தால் செப்டெம்பரில் பல்கலைக்கழகம். ரயிலில் ஏறினால் ஏழு மணித்தியாலம் வடக்கே. நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அன்றையதையும் சேர்த்து, அவள் புறப்படுமுன் பதினொரு செவ்வாய்கள். அந்தப் பதினொன்றிலும் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்தக் கோடையில் நான் வேறொன்றும் விரும்பவில்லை.

என்ன ஆக்குவது என்று அவளே முன்கூட்டிச் சொல்லியிருந்தாள்.

"வாப்பா, அங்க ஒரு குசினிய ஆறு பேர் பாவிக்கணும். எனக்குப் பத்து நிமிசத்தில ஆக்குற ஒண்டு தெரியணும். உங்கட இறைச்சிக்கு ஒரு மணித்தியாலம் வேணும். இந்த ஸ்டேக் துண்டு ஆக்குவமா?"

கைத்தொலைபேசியில் படம் காட்டினாள். எலும்பில்லாத நல்ல இறைச்சியை விரல் கணு அளவுக்குத் துண்டு போட்டு, உப்பும் மிளகுத்தூளும் பிரட்டி, நன்றாகக் காய்ந்த தாச்சியில் வைக்கிறார்கள். இரண்டு நிமிடம் தொடுவதில்லை. பிறகு திருப்பி ஒரு நிமிடம். கடைசியில் உள்ளிப் பூண்டும் பட்டரும். முடிந்தது. வெளியே கருஞ்சிவப்பாகப் பொருக்குப் பிடித்திருக்கிறது, உள்ளே பூப்போல இருக்கிறது. சோறு வேகும் நேரத்துக்குள் இறைச்சி தயார்.

சந்தியிலிருக்கும் ஹலால் கடையில் நல்ல துண்டாகப் பார்த்து வாங்கி வந்தேன். படத்தில் சொன்னது ஒவ்வொன்றையும் நேரம் பார்த்துச் செய்தேன். தாச்சியில் போட்ட அரை நிமிடத்தில் இறைச்சி தண்ணீர் விட்டது. பொருக்கு வரவில்லை. சாம்பல் நிறத்தில் துண்டுகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஹனா எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, இறைச்சி பேன்ல குளிக்குது."

மூன்று துண்டு தின்றாள். நாலாவதை நெடுநேரம் மென்றாள். பிறகு கேட்டாள்:

"இத நீங்க கழுவினீங்களா?"

"ஓம். கழுவாம?"

"எத்தன தரம்?"

"ஏழு."

"ஏழா!" என்றாள். பீங்கானை மெதுவாகத் தள்ளி வைத்தாள். "எனக்குப் பசிக்கல்ல." சற்று நேரத்தில் இரண்டு துண்டு பாண் ரொட்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு மேலே தன் அறைக்குப் போனாள்.

பதினொன்றில் ஒன்று போயிற்று.

2

எங்கள் பக்கத்தில் இறைச்சி என்றால் மாட்டிறைச்சி. கோழியை யாரும் இறைச்சி என்பதில்லை, அது கோழி. வெள்ளிக்கிழமை விடியச் சுபஹுத் தொழுது முடித்து வரும்போதே வாப்பா இறைச்சியோடு வருவார். மாவடிப்பள்ளி வயல்களில் அறுவடைக்குப் பிறகு தாள் மேய்ந்து திரிந்த மாடு. நடந்து நடந்து உரமேறிய உடம்பு. ஒரு மணித்தியாலம் அவியாமல் அது பல்லுக்கு இடம் கொடுக்காது.

அடுப்புக்குப் போகுமுன் கிணற்றடிக்குப் போகும். உம்மா ஒரு எனாமல் பேசனில் அதைக் கொட்டிக் கழுவுவா. வெள்ளைப் பேசன், நீல விளிம்பு, அடியில் ஒரு சிவப்புப் பூவும் இரண்டு இலையும். முதல் தண்ணி செந்நிறம். மூன்றாம் தண்ணி பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறம். ஐந்தாம் தண்ணி அரிசி கழுவிய தண்ணி மாதிரி. ஏழாம் தண்ணியில் பேசனின் அடியில் பூ தெரியும். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். ஒரு தண்ணி குறைந்தாலும் அது இறைச்சியல்ல, இரத்தம் என்பது என் கைக்குப் படிந்துபோன அறிவு.

அறுக்கும்போது வடிந்து போவதுதான் விலக்கப்பட்ட இரத்தம், தசைக்குள் நிற்கும் சிவப்பு நீர் அதில் சேராது என்று பிற்காலத்தில் மார்க்க நூல்களில் வாசித்தேன். அது இரத்தமே இல்லை என்று விஞ்ஞான நூலொன்றிலும் வாசித்தேன். வாசித்தது தலைக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் கைக்குத் தெரியாது. இங்கே குசினித் தொட்டி உருக்கால் ஆனது. அடியில் பூ இல்லை. அதனால் எண்ணுகிறேன்.

3

கழுவுதல் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. ஹனாவுக்கு மூன்று வயதில் சொல்லின் தொடக்கத்து 'க' வராது. கதவு அவளுக்கு 'அதவு'. கத்தி 'அத்தி'. கை கழுவ வேண்டுமென்றால் "ஐய அழுவணும்" என்பாள். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். "பீங்கான அழுவிட்டுப் படு" என்று ஸுஹைரா இன்றைக்கும் சொல்வாள். ஆறு வயதில் ஹனாவுக்குக் 'க' வந்துவிட்டது. வந்த கையோடு தமிழ் போகத் தொடங்கியது. இப்போது நான் தமிழில் கேட்டால் பாதித் தமிழில் பதில் வரும். தாயும் நானும் கதைப்பது விளங்கும், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

அந்த முதல் செவ்வாய்க்கு இரண்டு நாள் கழித்து, பல்கலைக்கழக விடுதிக்கான படிவத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். மேசைக்கு மறுபக்கத்திலிருந்து கேட்டாள்:

"வாப்பா, என்ட முதல் மொழி எது?"

இது எனக்கு ஒரு வரியில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. பழைய குறிப்பேட்டை எடுத்து வந்தேன். அவள் பேசிய முதல் சொல் 'தண்ணி'. பதினோராம் மாதம், ஒரு புதன்கிழமை காலை, குளியலறை வாசலில். இரண்டாவது சொல் 'இல்ல'. ஆங்கிலச் சொல் ஒன்று வருவதற்கு இன்னும் நாலு மாதம் பிந்தியது. ஆகவே முறைப்படி பார்த்தால் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில் ஹனா திரையைப் பார்த்தாள்.

"வாப்பா, வெய்ட் பண்ணினா இது தானா மூடிப்போடும்."

ஆங்கிலம் என்று போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

படிவங்களோடு எனக்குப் பழைய பகை. நான் வந்திறங்கிய சனிக்கிழமையே குடும்பப் பெயர் என்ன என்று ஒரு பெட்டி கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? வாப்பாவின் பெயரை எழுதினேன். அன்று முதல் நான் திருவாளர் இஸ்மாயில். பள்ளிக்கூடத்தில் ஹனா, செல்வி இஸ்மாயில். வெள்ளிக்கிழமை இறைச்சி தூக்கி வந்த மனிதரின் பெயரைச் சொல்லி என் மகளைக் கூப்பிடுகிறார்கள். அவள் அவரைக் கண்டதில்லை. நான் உயர்தரம் படிக்கும்போதே அவர் மௌத்தாகிவிட்டார்.

4

இரண்டாவது செவ்வாய் நான் ஒரு களவு செய்தேன்.

கழுவாமல் ஆக்குங்கள், தாளால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று ஹனா திங்கட்கிழமையே சொல்லியிருந்தாள். ஓம் என்றேன். செவ்வாய் பகல் மூன்று மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், ஏழு தண்ணி கழுவினேன். பிறகு ஒரு துவாய்த் துண்டில் சுற்றிப் பிழிந்தேன். மறுபடியும் ஒற்றினேன். குளிர்பெட்டியில் வைத்தேன். துவாயை அழுக்குக் கூடையின் அடியில் ஒளித்தேன்.

ஆறு மணிக்கு வந்தாள்.

"கழுவினீங்களா?"

"இல்ல."

தாச்சி புகையும்வரை காயவிட்டேன். இறைச்சியைப் போட்டதும் நல்ல சத்தம் வந்தது. மனம் நிறைந்தது. ஒரு நிமிடம் கழித்துச் சத்தம் தணிந்து, கொப்புளம் கொப்புளமாகத் தண்ணீர் கிளம்பி, எண்ணெய் எல்லாப் பக்கமும் தெறித்தது. அடுப்பைத் துடைக்க எதையாவது எடுக்கலாம் என்று ஹனா அழுக்குக் கூடைக்குப் போனாள். துவாயோடு திரும்பி வந்தாள். அது ஈரமாக, இளஞ்சிவப்பாக, பச்சை இறைச்சி வாடையோடு இருந்தது.

"இது என்ன வாப்பா?"

நான் தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இறைச்சி கழுவினதுக்கு ஆரும் பொய் சொல்லுவாங்களா?" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் அங்க போய்க் கழுவாமத்தான் தின்னப் போறன். அப்ப என்ன செய்வீங்க? ரயில் ஏறி வந்து கழுவுவீங்களா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"கழுவாமத் தின்னுறவங்க, அங்க போய் வேற என்னென்னத்தத் தின்னுவீங்களோ" என்றேன்.

ஹனா துவாயை மேசையில் வைத்தாள். பிறகு, தமிழில் நீளமாகப் பேச அவளுக்குச் சிரமம், ஆனாலும் முழுவதையும் தமிழிலேயே சொன்னாள்.

"பள்ளிக்கூடத்து இறைச்சி ஹலால் இல்ல. பதிமூணு வருசம் நான் மரக்கறி மட்டும்தான் எடுத்தன் வாப்பா. நீங்க பாக்கல்ல. உம்மா பாக்கல்ல. ஆரும் பாக்கல்ல. நான் எடுக்கல்ல."

இறைச்சியைத் தொடாமல் மேலே போனாள். அடுத்த நாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, வாற செவ்வாய் சிநேகிதி வீட்டில் சாப்பிடுவேன் என்றாள். சரி என்றேன். வேறு சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை.

5

மூன்றாவது செவ்வாய் நான் தனியாகச் சாப்பிட்டேன். பருப்பும் சோறும். எதையும் கழுவ வேண்டியிருக்கவில்லை, அரிசியையும் பருப்பையும் ஒரு பீங்கானையும் தவிர. குறிப்பேட்டில் 'ஹனா இல்லை' என்று மட்டும் இருக்கிறது.

அந்தக் கிழமைச் சனிக்கிழமை காலை ஊருக்கு அழைப்பெடுத்தேன். கல்முனையில் எனக்கிருப்பது மூத்த சகோதரி மட்டும். அவவை ராத்தா என்பேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவ, அதை ஒரு நாளும் மறக்க விடமாட்டா. அன்று மீன் அரிந்துகொண்டே கதைத்தா. நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தா.

"வெள்ளக்காரன்ட நாட்டுக்குப் போயும் இறைச்சிக்குக் காவல் நிக்கிறாய். அந்தப் புள்ள சொல்றதுதானே சரி. அது இளசான மாட்டு இறைச்சி. எங்கிட வயல் மாடா, ஏழு தண்ணியில கழுவி எட்டாம் தண்ணியில அவிக்க?"

"உம்மா ஏழு தண்ணி கழுவுவா ராத்தா."

"ஆரு சொன்ன ஏழு?"

"நான் பாத்தனே."

"உம்மா எங்க எண்ணினா? அவவுக்கு அதுக்கு நேரமா? பேசன்ல பூத் தெரியுமட்டும் கழுவினா. ஒரு நாள் மூணு தண்ணியில தெரியும், ஒரு நாள் அஞ்சு. நீதான் பக்கத்தில குந்திக்கிட்டு ஒண்டு ரெண்டு எண்டு எண்ணுவாய். ஏழு வராட்டி எழும்ப மாட்டாய். 'இவன்ட கரச்சல் தாங்கேலாது' எண்டு பூத் தெரிஞ்ச பொறகும் ரெண்டு தண்ணி சும்மா ஊத்துவா."

ஏழு என்பது எங்கோ எழுதப்பட்ட கணக்கு என்றே நாற்பது வருடமாக நினைத்திருந்தேன். எழுதியது நான்தான்.

"அதுவும் போகட்டும்," என்றா ராத்தா. "சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்தில நாம பெருநாள் எடுத்தமே, அண்டைக்கு எத்தன தண்ணி?"

"எண்டைக்கு?"

"நல்லா இரிக்கி. ஊரெல்லாம் நாள் கிழமை எழுதி வெக்கிற ஆள் நீ. போய் உன்ட கொப்பியப் பாரு."

6

சுனாமிக்கு முந்திய என் குறிப்பேடுகள் எல்லாம் கடலோடு போயின. கடற்கரை வீதி வீடு, கிணறு, நீல விளிம்புப் பேசன் எல்லாவற்றோடும். இருப்பதில் ஆகப் பழையது, கடலுக்குத் தள்ளி உள்ளே இருந்த சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாங்கள் ஒதுங்கியிருந்தபோது யாரோ கொடுத்த பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி. கடல் வந்து நாலு கிழமை முடியுமுன் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பென்சிலால் எழுதியது.

'பெருநாள். பகல். சம்மாந்துறை ஆக்கள் குர்பான் இறைச்சி கொண்டுவந்து தந்தார்கள். பவுசர் வரவில்லை. தண்ணி இல்லை. உம்மா கழுவாமல் ஆக்கினா. நான் முகம் சுளித்தேன். பிறகு தின்றேன்.'

வாசிக்க வாசிக்கக் குரல்களும் வந்தன. குடிதண்ணி கொண்டுவரும் பவுசர் வரட்டும் என்று பக்கத்து வகுப்பறைப் பெண்கள் சொல்ல, உம்மா மூலையிலிருந்த ஒரே வாளியை மூடியால் மூடினா. "அது புள்ளயள் குடிக்கிற தண்ணி. கைய வெக்காதீங்க. பவுசரப் பாத்து நிண்டா இறைச்சி பழுதாப் போகும். சட்டிய வைகா" என்று ராத்தாவிடம் சொன்னா. சேலைத் தலைப்பின் சுத்தமான பக்கத்தால் துண்டு துண்டாக எடுத்து ஒற்றினா. உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டினா. அதைத்தான் நான் மறந்திருந்தேன், அந்த ஒற்றுதலை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. முகம் சுளித்ததை உம்மா கண்டா. "மனே, இண்டைக்கு மட்டும் எண்ணாத" என்றா.

7

நாலாவது செவ்வாய். இறைச்சியைக் கடைத் தாளோடு மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் அப்பியாசக் கொப்பியை வைத்துவிட்டு, ஹனாவுக்காகக் காத்திருந்தேன். அன்று வீட்டுக்குத்தான் வருகிறேன் என்று காலையில் ஒரு சொல் செய்தி அனுப்பியிருந்தாள்.

வந்ததும் சொன்னேன்: "மகள், அண்டைக்கு நான் பொய் சொன்னது பிழை. சொன்ன மத்தக் கதை அதவிடப் பிழை."

"தெரியும்" என்றாள். செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "இது என்ன கொப்பி?"

"வாசிச்சுப் பாருங்க."

எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'பெருநாள்' சுலபமாக வந்தது. 'குர்பான்' வந்தது. "பவு... பவுசர் எண்டா?" என்று கேட்டாள். சொன்னேன். "தண்... ணி. தண்ணி இல்லை" என்று வாசித்தவள் அந்த இடத்தில் நின்று, திரும்பி ஒருமுறை வாசித்தாள். அவளுடைய முதல் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து அந்த வரியில் கிடந்தன. அதை நான் சொல்லவில்லை. கடைசி வரியையும் வாசித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்களும் மூஞ்சியச் சுளிச்சீங்களா?"

"ஓம்."

"பெரிய ஆளாகிப் போயுமா?"

"ஓம்."

அப்போதுதான் சிரித்தாள். செருப்பைக் கழற்றினாள்.

இறைச்சியை அவளே துண்டு போட்டாள். நான் தாளால் ஒற்றினேன். ஒற்றிய தாள் சிவந்தது. என் கை தானாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போவதை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். அந்தக் கையைப் பிடித்தாள்.

"அழுவாதீங்க வாப்பா."

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு 'க' இல்லாமல் சொன்னாள். வேண்டுமென்றேதான் சொன்னாள், வாயோரத்தில் சிரிப்பிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தாளைக் கிழித்து என் கையில் தந்தாள். அதை நான் இறைச்சிக்குப் பாவிக்கவில்லை.

தாச்சி காய்ந்தது. துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தாள். இரண்டு நிமிடம் தொடவில்லை. கூரையில் இருந்த புகைக் கருவி கூவத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறி நின்று நாள்காட்டியால் விசிறினேன். அவள் கீழே நின்று, "திருப்பு, திருப்பு, சீ, உங்களுக்கில்ல வாப்பா, எனக்கு!" என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டு திருப்பினாள். கருஞ்சிவப்பாகப் பொருக்குப் பிடித்திருந்தது. உள்ளியும் பட்டரும் போட்டு இறக்கினாள். சோற்றோடு பிசைந்து தின்றோம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். இரண்டாவதைத் திறந்துகொண்டு. அவள் மூன்று தரம் போட்டுத் தின்றாள்.

சாப்பாடு முடிந்தும் வெளியே நல்ல வெளிச்சம். மேசையிலேயே குறிப்பேட்டைத் திறந்து அன்றைய வரிகளை எழுதினேன்.

'செவ்வாய். ஹனா ஆக்கினாள். பத்து நிமிடம். அழுவவில்லை. மீதி ஏழு.'

எழுதி முடித்துத்தான் பிழையைக் கண்டேன். பிழை விட்டால் ஒற்றைக் கோடு போட்டு மேலே சரியான சொல்லை எழுதுவது என் வழக்கம். இத்தனை வருடக் குறிப்பேடுகளில் திருத்தாத எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பேனையை எடுத்தேன். எதிரே ஹனா கையாலேயே பீங்கானை வழித்துக்கொண்டிருந்தாள். பேனையை மூடி வைத்துவிட்டேன்.